பென்குயினா, எலியா?

கேள்வி: மூச்சடக்குவதில் யார் கெட்டி? வளை தோண்டி வாழும் முடியில்லாத அகழெலியா, கடலில் முக்குளிக்கும் எம்பரர் பென்குயினா? தம்பி எலி என்கிறான், நான் பென்குயின் என்கிறேன். பந்தயம் கட்டியிருக்கிறோம்!
- ஒரு பள்ளி மாணவி

பதில்: கடிகாரத்தை மட்டும் பார்த்தால் உன் பக்கம்தான். எம்பரர் பென்குயின் 500 மீட்டருக்கும் கீழே போகும்; 32 நிமிடம் வரை மேலே வராமல் இருந்ததும் பதிவாகியிருக்கிறது. எலிக்கு 18 நிமிடம். (எழுதும்முன் நானும் மூக்கைப் பிடித்துப் பார்த்தேன். 41 வினாடி. அதற்கே காது அடைத்துவிட்டது.)

ஆனால் தம்பியை உடனே கேலி செய்யாதே. பென்குயின் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிற ஆசாமி. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டுதான் முங்கும். ரத்தத்தில் ஆக்சிஜன், மார்புத் தசையில் இன்னும் ஆக்சிஜன். அதை இதயத் துடிப்பைக் குறைத்துக்கொண்டு சிக்கனமாகச் செலவழிக்கும். உடம்பும் 20, 30 கிலோ.

எலி 35 கிராம் இருந்தால் அதிகம். அதனிடம் எந்த மூட்டை இருக்கும்? அது மூச்சை அடக்கவே இல்லை என்பதுதான் விஷயம். 2017-இல் வெளியான ஆய்வில், ஆக்சிஜன் துளியும் இல்லாத காற்றில் அதை வைத்தார்கள். சாதாரணச் சுண்டெலி ஒரு நிமிடம்கூடத் தாங்காது. இதுவோ மயங்கிவிட்டது, இதயத் துடிப்பு 200-லிருந்து 50-க்கு இறங்கியது. 18 நிமிடம் கழித்து நல்ல காற்று கொடுத்ததும், ஒன்றும் நடக்காதது போல எழுந்து நடந்தது.

எப்படி? நம் மூளைக்கு எரிபொருள் குளுக்கோஸ். ஆக்சிஜன் இல்லையென்றால் அதை உடைக்கும் வேலை நடுவில் ஒரு கட்டத்தில் முடங்கிவிடும். இந்த எலி அப்போது பழச்சர்க்கரைக்கு, அதாவது ஃப்ரக்டோஸுக்கு மாறிக்கொள்கிறது. அந்தச் சர்க்கரை முடங்கிய கட்டத்தைத் தாண்டி, பின்வாசல் வழியாக உள்ளே போய்விடும். கிழக்கு ஆப்பிரிக்காவில், 70, 80 எலிகள் ஒரே வளையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்குகிற குடும்பம் அது. அடியில் கிடப்பவனுக்கு என்ன காற்று கிடைக்கும்? அப்படிப்பட்ட வாழ்க்கைக்கு இந்தத் திறமை தேவைதான்.

ஆக, நீங்கள் இருவரும் வேறு வேறு பந்தயம் கட்டியிருக்கிறீர்கள். மூச்சடக்குவதில் பென்குயின், ஆக்சிஜனே இல்லாமல் சமாளிப்பதில் எலி. தம்பி ரொம்பத் துள்ளினால் இதையும் சொல்: அதே சோதனையில் 30 நிமிடம் வைத்த எலிகள் பிழைக்கவில்லை.