ஆன்டெனா சரியாக மேட்ச் ஆகாவிட்டால் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) டிரான்ஸ்மிட்டர் கெட்டுப்போகுமா?

போகும். நானே ஒன்றைப் பலி கொடுத்திருக்கிறேன். 5 வாட் சிடபிள்யூ (மோர்ஸ் கோட்) கிட், ஃபைனலில், அதாவது ஆன்டெனாவுக்குப் பவர் கொடுக்கும் கடைசிக் கட்டத்தில், மூன்று பிஎஸ்170 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள். ஆன்டெனா கனெக்டருக்குள் என் சால்டரிங் விட்டுப்போயிருந்ததைக் கவனிக்காமல் கீயை அழுத்திக்கொண்டே டியூன் செய்தேன். கருகல் வாசனை வந்தது. விரலை வைத்துப் பார்த்தால் சுட்டது. அதற்கப்புறம் பவர் மீட்டர் முள் அசையவே இல்லை.

"ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவர்தான் ரிக்கை (ரேடியோ செட்டை) சுடுகிறது" என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. 50 ஓமை நம்பிச் செய்த ஃபைனலுக்கு வேறு ஏதோ ஒரு லோடு (கேபிளும் ஆன்டெனாவும் சேர்ந்து தரும் ஓம் அளவு) கிடைப்பதுதான் சிக்கல். லோடு ரொம்பக் குறைந்தால் கரன்ட் ஏறிச் சூடாகும், ரொம்பக் கூடினால் வோல்டேஜ் எகிறி டிரான்சிஸ்டர் தாங்காது. மேட்ச் எவ்வளவு தப்பியிருக்கிறது என்பதைச் சொல்லும் விகிதம்தான் எஸ்டபிள்யூஆர்; 1:1 என்றால் சரியான மேட்ச். அது 3:1 என்றால் ரிக்குக்குத் தெரிவது 17 ஓமாகவும் இருக்கலாம், 150 ஓமாகவும் இருக்கலாம். கேபிள் நீளத்தை மாற்றினால் அதுவும் மாறும்.

2:1-இல் திரும்புவது பவரில் சுமார் 11 சதவீதம்தான், அதற்கெல்லாம் தூக்கம் கெட வேண்டாம். இப்போது வரும் 100 வாட் ரிக்குகள் பெரும்பாலும் எஸ்டபிள்யூஆர் ஏறினால் தாமாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். பழைய வால்வு செட்டுகள் இன்னும் பொறுமைசாலிகள். பயப்பட வேண்டியது பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத சின்ன கிட்டுகளுக்கும் ஹோம்ப்ரூ (வீட்டிலேயே செய்த) ரிக்குகளுக்கும்தான்.

எஸ்டபிள்யூஆர் மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 3 டிபி இழப்புள்ள, அதாவது பாதிப் பவரை விழுங்கும், நீளமான கோஆக்ஸ் கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் ரிக் பக்கம் 3:1 தான் காட்டும். போகும்போது பாதி, வரும்போது மிச்சத்தில் பாதி கேபிளுக்குள்ளேயே சூடாகிப் போய்விடுகிறது அல்லவா? ரிக்குக்கு 50 ஓம் தெரியும்படி நடுவில் சரிசெய்து கொடுக்கும் டியூனரும் அப்படித்தான். ரிக்கைக் காப்பாற்றும், ஆனால் டியூனருக்கு அந்தப் பக்கம் கேபிளில் எஸ்டபிள்யூஆர் இருந்தபடியே இருக்கும்.

இப்போதெல்லாம் டியூன் செய்யும்போது ரிக்குக்கும் டியூனருக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டிவ் பிரிட்ஜ் (ரெசிஸ்டர்களால் ஆன எஸ்டபிள்யூஆர் காட்டி) போடுகிறேன். மூன்று 50 ஓம் ரெசிஸ்டர், அந்த வாட்டேஜைத் தாங்கினால் போதும். கனெக்டர் கழன்றே கிடந்தாலும் ரிக்குக்கு 2:1-க்கு மேல் தெரியாது. டியூன் முடிந்ததும் சுவிட்சைத் தட்டி அதை விலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெரும்பாலான பவர் அதிலேயே சூடாகிப் போய்விடும். இரண்டு முறை மறந்து, ஏன் யாரும் பதில் சொல்லவில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.