ஆப்கானிஸ்தான் டூரண்ட் எல்லைக்கோட்டை ஏன் ஏற்க மறுக்கிறது?

பாகிஸ்தான் உருவானதிலிருந்து காபூலில் மன்னர், கம்யூனிஸ்ட், தாலிபான் என்று யார் ஆண்டாலும், பாகிஸ்தானுடனான இந்த எல்லையை மட்டும் யாரும் ஏற்றதில்லை. ஏன் என்றுதானே கேட்கிறீர்கள்?

1893-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலர் மார்டிமர் டூரண்டும் ஆப்கன் மன்னர் அமீர் அப்துர் ரஹ்மானும் ஒப்புக்கொண்ட கோடு இது. சுமார் 2,600 கி.மீ. நீளம். இரு பக்கமும் வாழும் பஷ்தூன் இன மக்களின் ஊர்களையும் உறவுகளையும் நடுவில் பிளந்துவிட்டது. நெருக்கடியில் திணிக்கப்பட்டது என்பது ஆப்கன் வாதம். பிரிட்டனிடமிருந்து முறைப்படி வந்த எல்லை என்பது பாகிஸ்தான் வாதம். 1947-இல் பாகிஸ்தான் ஐ.நா.வில் சேர எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான்தான்.

சரி, இன்றைய சிக்கல்? பாகிஸ்தானில் தாக்குதல் நடத்தும் டிடிபி (தெஹ்ரீக்-இ-தாலிபான் பாகிஸ்தான்) என்ற ஆயுத அமைப்புக்கு ஆப்கன் மண்ணில் அடைக்கலம் கிடைப்பதாக இஸ்லாமாபாத் குற்றம்சாட்டுகிறது. தாலிபான் அரசு மறுக்கிறது. 2017-இல் பாகிஸ்தான் எல்லையில் முள்வேலி போடத் தொடங்கியது.

அந்த வேலியின் வலியை பாகிஸ்தானின் எல்லை நகரமான சமனில் பார்க்கலாம். வீடு ஒரு பக்கம், கடையோ கூலி வேலையோ மறுபக்கம் என்றிருந்தவர்கள் அடையாள அட்டையைக் காட்டித் தினமும் போய்வந்தார்கள். 2023-இல் பாஸ்போர்ட், விசா கட்டாயம் என்றதும் மாதக்கணக்கில் தர்ணா இருந்தார்கள். பாதுகாப்புக் கவலை நியாயமானதே. ஆனால் அந்தக் கூலித் தொழிலாளிகளை முதலில் தண்டித்தது தவறு என்றே நினைக்கிறேன்.