தாஸ் கடை போர்டுல அபாஸ்ட்ரபி எங்க போடறது?

கேள்வி: சார், வீட்டுல சமைச்சு ஆர்டர் குடுத்துட்டு இருந்தேன், இப்ப சிங்கப்பூர் தேக்கா பக்கம் சின்னதா கடை போடறோம். வீட்டுக்காரர் பேரு தாஸ், இங்கிலிஷ்ல டி-ஏ-எஸ். தாஸோட கிச்சன்னு போர்டுல இங்கிலிஷ்ல வரணும். மக, எஸ்ஸுக்கு அப்புறம் அபாஸ்ட்ரபி, அதாவது மேல போடற அந்த சின்ன ’ குறி மட்டும் போதும்ங்கறா. மகன் அபாஸ்ட்ரபி போட்டு இன்னொரு எஸ் வேணும்ங்கறான். போர்டு அடிக்கறவரோ ஒண்ணுமே வேணாம்ங்கறார். மெனு கார்டும் அனுப்பிருக்கேன், பாருங்க.

பதில்: மூணு பேருமே சரிதாம்மா, அதான் சண்டை தீரல. அமெரிக்கால பத்திரிகைக்காரங்க பாக்குற ஏபி ஸ்டைல் புக் உங்க மக கட்சி, புத்தகம் போடறவங்க பாக்குற சிகாகோ மேனுவல் உங்க மகன் கட்சி. 2024 எலெக்‌ஷன்ல கமலா ஹாரிஸ் பேருக்கே இந்த பஞ்சாயத்து நடந்துச்சு. அதுக்கும் முன்னாடி 2006-ல, கேன்சஸ் மாநிலம் சம்பந்தப்பட்ட ஒரு கேஸ்ல அமெரிக்க உச்ச நீதிமன்ற ஜட்ஜுங்களே "கேன்சஸோட"ங்கறத ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினாங்க, தீர்ப்பு எழுதின கிளாரன்ஸ் தாமஸ் வெறும் அபாஸ்ட்ரபியோட நிறுத்திட்டார் (அவர் பேரே எஸ்ல முடியுது பாருங்க), எதிர்த்து எழுதின டேவிட் சூட்டர் அபாஸ்ட்ரபியோட இன்னொரு எஸ்ஸும் சேர்த்தார்.

என்னைக் கேட்டா வாயால சொல்லிப் பாக்கறதுதான் நல்ல வழி. "தாஸஸ் கிச்சன்"னு தானே வருது, அப்ப அந்த ரெண்டாவது எஸ்ஸ எழுதிடறது நல்லது, அந்த வகையில மகன் பக்கம் ஒரு மார்க் கூட.

ஆனா கடைன்னா போர்டு மட்டும் இல்லயே, இன்ஸ்டாகிராம், வெப்சைட்டும் வரும், அங்க யூசர்நேம்லயும் வெப்சைட் முகவரிலயும் அபாஸ்ட்ரபி போடவே முடியாது. எடுத்துட்டா டி-ஏ-எஸ்-எஸ்னு நிக்கும், இங்க ரெண்டு எஸ் போட்டு தாஸ்னு எழுதறவங்க எத்தனையோ பேரு, வேற யாரோ கடைன்னு நினைச்சுக்குவாங்க. அதனால போர்டுக்கு நான் போர்டு அடிக்கறவர் பக்கம்: வெறும் தாஸ் கிச்சன். பேரை அப்படியே முன்னாடி வைக்கறது இங்கிலிஷ்ல தப்பே இல்ல. லண்டன் புத்தகக் கடை வாட்டர்ஸ்டோன்ஸ் 2012-ல அபாஸ்ட்ரபிய தூக்கினதும் இதே இணையக் காரணம் சொல்லித்தான், அதுக்கு இலக்கணக்காரங்க குதிச்சாங்க, கடை பாட்டுக்கு ஓடுது.

மெனு கார்டு பாத்தேன், அங்கதான் உண்மையான தப்பு இருக்கு, இதுல ரெண்டு கட்சியே கிடையாது. கறி பஃப்ஸ், புராட்டாஸ், டிரிங்ஸ்னு எல்லாத்துலயும் எஸ்ஸுக்கு முன்னாடி குறி போட்டிருக்கீங்க. ஒண்ணுக்கு மேலன்னு சொல்ல வர்ற எஸ்ஸுக்கு அது வேணவே வேணாம், எல்லாத்தையும் எடுத்துடுங்க. மாறா கிட்ஸ் மீல்ல குறி விட்டுப்போச்சு, அது பிள்ளைங்களோட சாப்பாடு, பிள்ளைங்க பலபேர், அதனால எஸ்ஸுக்கு அப்புறம் வரணும், ராஃபிள்ஸ் கேர்ள்ஸ் ஸ்கூல் பேர்ல வர்ற மாதிரி. சில்ட்ரன்ஸ் டேல மட்டும் எஸ்ஸுக்கு முன்னாடி வரும், ஏன்னா சில்ட்ரன்ங்கறதே பன்மை.

வீட்டுக்காரர் குறி இருந்தாதான் ஆச்சுன்னு பிடிவாதம் பிடிச்சா மகன் சொல்ற மாதிரியே போட்டுக்குங்க, ஆனா அடிக்கறதுக்கு முன்னாடி ப்ரூஃப் வாங்கி பாருங்க: குறி 9 மாதிரி வளைஞ்சிருக்கணும், 6 மாதிரி திரும்பி இருந்தா மாத்தச் சொல்லுங்க.