ஓன் போர்டு வேனில் காற்றாலை பார்க்கப் போகலாமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடிப் பக்கம் கடலில் பாசி எடுக்கும் பெண்கள் நாங்கள். 22 பேர், பிள்ளைகள் ஆறு பேர். ஆடியில் ஒருநாள் முப்பந்தல் போய் காற்றாலை பார்த்துவிட்டு அன்றே திரும்ப ஆசை. மஞ்சள் போர்டு வண்டிக்கு 16,000 கேட்கிறார்கள். ஒரு புரோக்கர் ஓன் போர்டு வேன் 11,000-க்குத் தருகிறாராம். வழியில் யாராவது கேட்டால் எல்லோரும் சொந்தக்காரர்கள் என்று சொல்லச் சொல்கிறார். போகலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வக்கீலாகச் சொல்கிறேன், அந்த 5,000 ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஓன் போர்டு என்கிற வெள்ளை நம்பர் பிளேட் வண்டி சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். வாடகைக்கு ஓட்ட பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய், வண்டியையும் அங்கேயே நிறுத்திவைக்கலாம். சரி, அபராதம் வண்டிக்காரர் பாடு. உங்கள் கவலை இன்சூரன்ஸ். ஓன் போர்டு வண்டியின் பாலிசியிலேயே வாடகைக்கு விடக்கூடாது என்று எழுதியிருக்கும். அடிபட்டு நீங்கள் கேஸ் போட்டால், கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த வரியைத்தான்.

சொந்தக்காரர்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது போலீஸ் வந்து விசாரித்தால், தலைக்கு எவ்வளவு போட்டோம் என்று 22 பேரில் ஒருவர் சொல்லத்தான் செய்வார். போனில் அட்வான்ஸ் அனுப்பிய கணக்கும் இருக்கும். பொய் சொல்லச் சொன்ன புரோக்கர் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார். கமிஷன் கைக்கு வந்ததோடு அவர் வேலை முடிந்தது.

எனக்கு ஆத்திரமே இதில்தான். இந்த வண்டிகள் ஒளிந்து மறைந்து ஓடவில்லை. பட்டப்பகலில் கல்யாண மண்டப வாசலில் வரிசையாக நிற்கின்றன. பிடிக்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டே போகிறார்கள். கடைசியில், ஒருநாள் கடலில் இறங்காவிட்டால் அன்றைய கூலி இல்லை என்றிருக்கும் பெண்தான் கையில் கட்டோடு வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைகிறாள்.

மஞ்சள் போர்டு போதும் என்று சொன்னதும் சிலர் பள்ளிக்கூட பஸ்ஸைப் பேசிவிடுவார்கள். பஸ்ஸும் மஞ்சள், பிளேட்டும் மஞ்சள், ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கிறது, தாளாளரும் தெரிந்தவர். ஆனால் அது மாணவர்களையும் பள்ளி ஊழியர்களையும் பள்ளி வேலையாக ஏற்றிச் செல்வதற்கு மட்டுமான வண்டி. பள்ளியே தன் பிள்ளைகளைக் காற்றாலை காட்ட அழைத்துப்போனால் தப்பில்லை. அதே பஸ்ஸில் அதே இடத்துக்கு நீங்கள் வாடகை கொடுத்துப் போனால் தப்பு. டீசலுக்கு மட்டும்தானே கொடுக்கிறோம் என்று சொன்னாலும் நீங்கள் மாணவர்களாகிவிட மாட்டீர்கள். பிளேட்டின் நிறம் மட்டும் போதாது, சுற்றுலா வாடகைக்கான பெர்மிட் இருக்கிறதா என்று பாருங்கள். சரக்கு ஏற்றும் குட்டியானையைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

வண்டி நம்பர் தெரியாமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். படித்த பிள்ளை ஒருவரிடம் சொல்லி, எம்-பரிவாகன் ஆப்பில் அந்த நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), பெர்மிட் எல்லாம் நடப்பில் உள்ளதா பார்க்கச் சொல்லுங்கள். ரசீதிலும் அந்த நம்பரை எழுதி வாங்குங்கள். ஒரு வண்டியைக் காட்டிவிட்டு, விடிகாலையில் வேறொன்றை அனுப்புவது பழைய வித்தை. டிரைவர் பேட்டாவும் டோல்கேட்டும் வாடகைக்குள் அடக்கமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் எத்தனை சீட்டோ அத்தனை பேருக்குத்தான் இன்சூரன்ஸ் கணக்கு. நீங்கள் மொத்தம் 28 பேர், அதற்குத் தகுந்த வண்டியாகப் பாருங்கள்.

காற்றாலைக்கு உள்ளே போக பாஸ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டாலும் நம்பாதீர்கள். அவை தனியார் கம்பெனிகளின் இடங்கள், பக்கத்திலேயே உயர் அழுத்த மின்சாரம் ஓடுகிறது. ரோட்டோரம் நின்று பார்க்க எந்தப் பாஸும் தேவையில்லை.

இடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முப்பந்தலுக்குப் போக மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல். ஒரே டிரைவர் விடிகாலை கிளம்பி இரவு திரும்பினால், கடைசி இரண்டு மணி நேரம் கண் சொக்கும். என்னிடம் வருகிற கேஸ்களில் திரும்பி வரும்போது நடந்தவை நிறைய. கயத்தாறு அதைவிட வெகு பக்கம். சாயல்குடி, விளாத்திகுளம், எட்டயபுரம் வழியாகப் போனால் பாரதி பிறந்த வீட்டையும் பார்க்கலாம். கயத்தாற்றில் காற்றாலைகள் உண்டு, 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடமும் உண்டு. இருட்டுவதற்குள் ஏர்வாடி திரும்பிவிடலாம்.

ஆடியில் போவது மட்டும் சரியான முடிவு. வண்டி அமையவில்லை என்று ஐப்பசிக்குத் தள்ளிவிடாதீர்கள். மே முதல் செப்டம்பர் வரைதான் அங்கே நல்ல காற்று. அதற்குப் பிறகு போனால், பாதி இறக்கைகள் அசையாமல் நிற்பதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும்.