பெரிபெரியும் புழுங்கல் அரிசியும்: கேள்வி பதில்

கேள்வி: பெரிபெரி வைட்டமின் பி1 குறைவால் வருவது என்று இன்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்து டாக்டர்கள் ஏன் அதைத் தொற்றுநோய் என்று நம்பினார்கள்?

நம்பக் காரணம் இருந்தது. சிறை, ராணுவக் குடியிருப்பு, கப்பல், சுரங்கத் தொழிலாளர் கொட்டகை என்று கூட்டமாக அடைந்து கிடக்கிற இடங்களில்தான் அது அதிகம் வந்தது. கால் மரத்துப்போகும், கெண்டைக்காலை அமுக்கினால் வலிக்கும், குத்தவைத்து உட்கார்ந்தவரால் எழ முடியாது. சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து இதயம் நின்றுவிடும். பக்கத்துப் பாயில் படுத்திருந்தவருக்கும் அதேதான். ஜெர்மன் மருத்துவர் காக் 1882ல் காசநோய்க் கிருமியைக் காட்டிய சூடு அப்போது ஆறவில்லை. அதனால் 1886ல் டச்சு அரசு பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பிய குழுவும் கிருமியைத் தேடித்தான் போனது. ரத்தத்தில் ஒரு கிருமியைக் கண்டதாகச் சொல்லி, கட்டடங்களுக்குக் கிருமிநாசினி அடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். நோய் அப்படியே இருந்தது.

கேள்வி: ஐக்மனின் கோழிக் கதை நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம்தான். அந்த டச்சுக் குழு போன பிறகும் பட்டேவியாவிலேயே இருந்து ஆய்வைத் தொடர்ந்த டச்சு மருத்துவர் அவர். நோயாளியின் ரத்தத்தைக் கோழிகளுக்கு ஏற்றினார். ஏற்றிய கோழியும் தள்ளாடி விழுந்தது, ஏற்றாத கோழியும் விழுந்தது. கொஞ்ச நாளில் எல்லாம் தானாகவே தேறிவிட்டன. தீவனத்தை விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. இடையில் சில மாதம் ராணுவ மருத்துவமனைச் சமையலறையின் வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போயிருக்கிறது. புதிதாக வந்த சமையல்காரர், சிவிலியன் கோழிக்கு ராணுவச் சோறு கிடையாது என்று நிறுத்திவிட்டார். பிறகு ஐக்மன் வேண்டுமென்றே தீட்டிய அரிசியைக் கொடுத்துப் பார்த்தார். மூன்று நான்கு வாரத்தில் கால் விழுந்தது. தவிட்டைச் சேர்த்ததும் எழுந்தது.

ஆனால் அவர் சொன்ன காரணம் தவறு. மாவுச்சத்தில் நஞ்சு இருக்கிறது, அதை முறிக்கும் மருந்து தவிட்டில் இருக்கிறது என்றார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ், 120 டிகிரியில் வேகவைத்த இறைச்சியை மட்டும் கோழிகளுக்குப் போட்டார். மாவுச்சத்தே இல்லாத தீவனம், ஆனாலும் நோய் வந்தது. பச்சைப்பயறு கொடுத்தால் வரவில்லை. உணவில் ஏதோ ஒன்று இல்லாததுதான் நோய் என்று 1901ல் எழுதினார். 1929 மருத்துவ நோபல் ஐக்மனுக்கும் ஆங்கிலேய விஞ்ஞானி ஹாப்கின்ஸுக்கும் போனது. கிரைன்ஸையும் சேர்த்திருக்கலாம்.

கேள்வி: கோழிக்கு வந்தது மனுஷனுக்கு வந்த அதே நோய்தான் என்று எப்படி நிரூபித்தார்கள்?

ஜாவா, மதுரா தீவுகளின் சிறைகளில் எந்த அரிசி போடுகிறார்கள் என்று வோர்டர்மன் என்ற அதிகாரி சிறை சிறையாகக் கணக்கெடுத்தார். கைதிகள் சுமார் 2,80,000 பேர். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவருக்கு நோய். தவிடு நீக்காத அரிசி போட்ட இடத்தில் 10,000 பேருக்கு ஒருவர். கட்டடத்தின் வயது, காற்றோட்டம், நெரிசல் எல்லாவற்றையும் பார்த்தார், எதுவும் இந்த வித்தியாசத்தை விளக்கவில்லை.

கேள்வி: ஜப்பான் இதை முன்பே கண்டுபிடித்துவிட்டதாமே?

மருந்தைக் கண்டுபிடித்தார்கள், காரணத்தை இல்லை. 1883ல் ரியூஜோ கப்பல் திரும்பியபோது 376 பேரில் 169 பேருக்கு பெரிபெரி, 25 பேர் இறந்திருந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி அடுத்த ஆண்டு வேறொரு கப்பலை அதே வழியில் அனுப்பினார். இறைச்சி, பார்லி, பால் சேர்த்த சாப்பாடு, ஒரு சாவுகூட இல்லை. புரதக் குறைவு என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் ராணுவ மருத்துவர்கள் கிருமியையே கட்டிக்கொண்டு வெள்ளைச் சோறு போட்டார்கள். 1904-05 ரஷ்யப் போரில் சுமார் 27,000 ஜப்பானிய வீரர்கள் பெரிபெரியில் போனார்கள். தவறான கொள்கை வைத்திருந்த தகாகி ஒப்பிட்டுப் பார்த்தார், இவர்கள் பார்க்கவில்லை.

கேள்வி: மலாயாவில் தமிழர்களுக்கு மட்டும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அது எப்படி?

புழுங்கல் அரிசிதான். சீனத் தொழிலாளர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, தோட்டத்துத் தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல். மலாய்க் கிராமத்தார் வீட்டிலேயே நெல்லைக் குத்திக்கொண்டதால் தவிடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, பழைய வெள்ளை அரிசியில் நஞ்சு பிடிக்கிறது என்று எழுதினார். 1905-06ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் நோயாளிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் இறந்தார்கள், புழுங்கலில் யாரும் இல்லை. 1907ல் பிரேசரும் ஸ்டாண்டனும் ஜாவாவிலிருந்து வந்த சாலைத் தொழிலாளர் 300 பேரை வைத்து அதையே செய்து, நோய் கண்டவுடன் புழுங்கலுக்கு மாற்றினார்கள். புதிதாக யாரும் விழவில்லை.

கேள்வி: புழுங்கலையும் ஆலையில் தீட்டத்தானே செய்கிறார்கள்? சத்து எப்படித் தங்குகிறது?

நெல்லை உமியோடு ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது, தவிட்டிலும் முளைப்பகுதியிலும் உள்ள பி1 நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. மாவுச்சத்து பசையாகி, காய்ந்ததும் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதிதான் போகும். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் பி1 சுமார் 0.05 மில்லிகிராம் என்றால், புழுங்கலில் அதைப்போல் மூன்று மடங்கு. ஒரு நாளைக்குத் தேவை ஒன்றேகால் மில்லிகிராம் அளவில்.

அரிசியை நாலைந்து தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினாலும், கஞ்சி வடித்துக் கொட்டினாலும் பி1 போய்விடும். பருப்பு சீக்கிரம் வேக ஆப்பசோடா போடுகிறவர்கள் பருப்பில் இருப்பதையும் கெடுக்கிறார்கள். காரத்தில் அது சிதையும்.

கேள்வி: இப்போது யாருக்கு வருகிறது?

பெரும்பாலும் விடாமல் குடிப்பவர்களுக்கு. நாள்கணக்கில் வாந்தி எடுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வரலாம். உடம்பில் பி1 இருப்பு சுமார் 30 மில்லிகிராம்தான், இரண்டு மூன்று வாரத்தில் தீரும். பி1 குறைவு மூளையையும் தாக்கும். கண் ஒழுங்கற்று ஆடுவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழம்புவது தெரிந்தால் போதை என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளை மேலும் பாதிக்கப்படலாம்.