மரச் சட்டம், சங்கிலி, இரண்டு இன்ஜின்

கேள்வி: அந்தக் காலத்தில் ஆட்கள் வீட்டிலேயே ரேஸ் கார் செய்து பந்தயத்தில் ஓட்டினார்கள் என்று நண்பன் சொல்கிறான். கதை விடுகிறானா? (கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: நிஜம்தான். இங்கிலாந்தில் இந்த மாதிரி வண்டிகளுக்கு 'ஸ்பெஷல்' என்றே பெயர். கையில் காசு இல்லாமல், ஸ்பேனர் பிடிக்க மட்டும் தெரிந்த பையன்கள் கிடைத்த பாகங்களைக் கோத்துச் செய்தவை. எனக்குப் பிடித்தது 'பிளடி மேரி'. 1929இல் ஜான் போல்ஸ்டரும் அவர் சகோதரர் ரிச்சர்டும் செய்தது, ஜானுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், மரம் (ஆமாம், மரமேதான்), அதன்மேல் ஜேஏபி என்ற ஆங்கிலேயக் கம்பெனி மோட்டார் சைக்கிளுக்காகச் செய்த இன்ஜின், பின்சக்கரத்துக்குச் சங்கிலி. இவர்கள் இதை இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் மாதிரி மேட்டுப் பாதைகளில் ஓட்டினார்கள். அங்கே 1905 முதல் பந்தயம் நடக்கிறது. தூரம் வெறும் 1000 கஜம், ஒவ்வொரு காராக ஏறவேண்டும், போட்டி கடிகாரத்தோடுதான். ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேலைக்கு வண்டி லேசாக இருந்தால் போதும், நீண்ட நாள் உழைக்கவேண்டிய அவசியமில்லை, அதனால்தான் வீட்டு வண்டிகள் அங்கே பெரிய கம்பெனி கார்களுக்கு ஈடுகொடுத்தன.

கேள்வி: அதே காரில் இரண்டு இன்ஜின் என்று படித்தேன். அச்சுப் பிழையா? (ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: பிழையில்லை. பிற்பாடு ஜான் இரண்டு வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர் கொண்ட) ஜேஏபி இன்ஜின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்துவிட்டார். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 1000 சிசி. பெரிய கார் இன்ஜின் வாங்கினால் செலவு, கனம், அப்புறம் ரேடியேட்டர், தண்ணீர். இதுவோ காற்றிலேயே ஆறிக்கொள்ளும். தொல்லை என்னவென்றால் இரண்டும் ஒரே மாதிரி இழுக்கவேண்டும், ஒன்று முரண்டு பிடித்தால் மற்றது அதையும் சேர்த்துச் சுமக்கும். அதோடு விட்டாரா? நான்கு இன்ஜின் வைத்தும் ஒரு கார் செய்தார்! 1949 பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் வேறொரு காரில் மோசமாக அடிபட்டு பந்தயத்தை விட்டவர், பிறகு 'ஆட்டோஸ்போர்ட்' பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியராக இருந்து ஊரார் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதினார்.

கேள்வி: அப்பாவின் பழைய புல்லட் இன்ஜினை வைத்து நானும் ஒன்று செய்யலாமா? (அதே ஈரோடு மாணவர்)

பதில்: தாராளமாக. ஆனால் பதிவெண் இல்லாத வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது, மூடிய டிராக்கில் மட்டும்தான். இன்ஜினுக்கு முன்னால் பிரேக்கைச் செய்யுங்கள். அதற்கும் முன்னால் அப்பாவிடம் கேளுங்கள்.