ஸ்கேன் அப்புறம், முதலில் மலத்தின் நிறம்: குழந்தைகளின் வயிறு, கல்லீரல் பற்றிய கேள்விகள்

வசதி குறைந்த இடங்களில் வேலை பார்ப்பவர்களும் பெற்றோரும் கேட்டவற்றில் சில. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மூன்று வாரக் குழந்தைக்குக் கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிறது, எடையும் ஏறுகிறது. வெயிலில் காட்டினால் போதும் என்கிறார்கள். எங்களிடம் ஸ்கேன் கிடையாது. என்ன செய்யலாம்? (ஒரு செவிலியர்)

முதலில் குழந்தை மலம் கழித்த துணியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் ஓரளவு நல்லது. வெளிறிப்போய் சாம்பலாகவோ சுண்ணாம்பு நிறத்திலோ இருந்தால், பித்தம் குடலுக்கு வந்து சேரவில்லை. மேலே படிந்த லேசான மஞ்சள் ஏமாற்றும் என்பதால் குச்சியால் பிளந்து உள்ளேயும் பாருங்கள். பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் பல்புக்குக் கீழே எல்லா மலமும் மஞ்சள்தான். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடுகிறதா என்றும் கேளுங்கள். இந்த வயதுக் குழந்தையின் சிறுநீருக்கு நிறமே இருக்கக் கூடாது.

எடை ஏறுகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். பித்தநாளம் (கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுவரும் குழாய்) அடைபட்ட குழந்தை முதல் சில வாரங்கள் கொழுகொழுவென்றுதான் இருக்கும். அதனால்தான் பலர் தாமதமாக வருகிறார்கள். வெயில் இந்த வகை மஞ்சளுக்கு உதவாது, நாளைத்தான் தின்னும்.

மஞ்சள் 14 நாளைத் தாண்டினால் (குறைமாதக் குழந்தைக்கு 21 நாள்) ரத்தத்தில் மொத்த பிலிருபினோடு (மஞ்சள் நிறம் தரும் பொருள்) நேரடி பிலிருபினும் (அதில் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டிய பகுதி) பார்த்தாக வேண்டும். மொத்த அளவு மட்டும் எழுதிய சீட்டு எனக்குப் பாதிக் கதைதான் சொல்லும். நேரடி அளவு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்புவதானால் குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றுங்கள். வெளிச்சம் பட்டால் பிலிருபின் சிதைந்து, அளவு குறைவாகக் காட்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? ஜப்பானிய அறுவை மருத்துவர் மொரியோ கஸாய் 1950களில் வடிவமைத்த, பித்தம் குடலுக்கு ஓட வழி செய்யும் அறுவைதான் இன்றும் பித்தநாள அடைப்புக்கு முதல் சிகிச்சை. அதை 60 நாளுக்குள் செய்தால் பித்தம் ஓட வாய்ப்பு அதிகம். தைவானில் 2004 முதல் எல்லாக் குழந்தைகளின் நலக் கையேட்டிலும் மல நிற அட்டை ஒன்றைச் சேர்த்தார்கள். அம்மாவே ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறார். உரிய காலத்தில் அறுவை கிடைக்கும் குழந்தைகள் கூடினார்கள். ஒரு அச்சடித்த அட்டைக்கு இது பெரிய பலன்.

அனுப்பும் முன் வைட்டமின் கே ஊசி போட்டுவிடுங்கள். பித்தம் இல்லாமல் அந்த வைட்டமின் உடம்பில் சேராது, மூளையில் ரத்தம் கசிந்த நிலையில் குழந்தை வந்து சேரும் ஆபத்து உண்டு.

வயிற்றுப்போக்கு என்றாலே டிரிப்ஸ் ஏற்றச் சொல்கிறார்கள். ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் வாந்தி வருகிறது என்கிறார்கள்.

டம்ளரோடு கொடுத்தால் வரத்தான் செய்யும். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். நினைவு தப்பியிருந்தாலோ, குடிக்கவே முடியாவிட்டாலோ டிரிப்ஸ் வேண்டும்தான். நரம்பு கிடைக்கவில்லை, அனுப்பவும் நேரமாகும் என்றால், மூக்குக் குழாய் வழியாக ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 20 மில்லி வீதம் 6 மணி நேரம் ஓ.ஆர்.எஸ். செலுத்தலாம் என்பது உலக சுகாதார நிறுவன வழிமுறை. 1971இல் பங்காளதேசப் போரின்போது அகதி முகாமில் டிரிப்ஸ் தீர்ந்துபோக, திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தே காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். அங்கே இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது.

கூடவே துத்தநாகம்: 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, மொத்தம் 10 முதல் 14 நாள். போக்கு நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைச் சிறு குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

கல்லீரல் டானிக் எது நல்லது?

எதுவும் தேவையில்லை. அந்தப் பணத்தில் நேரடி பிலிருபின் பரிசோதனை செய்யுங்கள். வீட்டில் பாரசிட்டமால் இரண்டு பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றையே இரண்டாகக் கொடுத்துக் கல்லீரல் கெட்ட குழந்தைகள் உண்டு.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஆறாவது வாரத்தில் எப்படியும் போடுகிறோம். பிறந்த அன்றே தனியாக எதற்கு?

பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நாள்பட்ட நோயாகிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆறு வாரம் காத்திருந்தால் அந்த வாசல் திறந்தே கிடக்கும். 24 மணி நேரத்துக்குள் போடுங்கள். தவறிவிட்டால் தாமதமாகவாவது போடுங்கள். பிரசவ அறையிலேயே மருந்து இருக்க வேண்டும், இரவுப் பணியாளருக்கும் போடத் தெரிய வேண்டும். கொஞ்ச நேர வெப்பத்தைவிட உறைந்துபோவதுதான் இந்த மருந்துக்கு ஆபத்து, எனவே ஐஸ் கட்டியின் மேல் நேராக வைக்காதீர்கள்.

நன்கொடை வந்திருக்கிறது. குழந்தைகளுக்கான எண்டோஸ்கோப் (வாய் வழியாக விட்டு உணவுக்குழாய், வயிற்றைப் பார்க்கும் கேமராக் குழாய்) வாங்கலாமா?

திறப்பு விழாப் படத்துக்கு எண்டோஸ்கோப் எடுப்பாக இருக்கும். ஒவ்வொரு முறையும் அதைக் கழுவிக் கிருமி நீக்க ஆளும் தண்ணீரும் மருந்தும், பழுதானால் சரிசெய்ய வழியும் இருக்கிறதா? இல்லையென்றால் அலமாரியில்தான் கிடக்கும். உணவுக்குழாயில் பட்டன் பேட்டரி சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், ரத்த வாந்தியும் காத்திருக்காது. ஆகவே சுற்றுவட்டாரத்தில் ஒரு பெரிய மையத்திலாவது அது இருக்கட்டும். உங்கள் இடத்துக்கு நான் சொல்வது சரியாகக் காட்டும் எடைக்கருவி, ஆய்வகத்துக்கு ரசாயனம், அனுப்பும் குடும்பத்துக்குப் பயணச் செலவு, வாரம் ஒருநாள் பெரிய மையத்தின் நிபுணரோடு வீடியோவில் நோயாளிகளைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம்.

கஸாய் அறுவை முடிந்து ஊர் திரும்பிவிட்டோம். மருத்துவமனை வெகு தூரம். எதைக் கவனிக்க வேண்டும்?

காய்ச்சல் வந்தால் அன்றே ஓடுங்கள். அது பித்தநாள அழற்சியாக இருக்கலாம். நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தாமதமில்லாமல் தொடங்க வேண்டும். மலம் மறுபடி வெளுத்தாலும் அப்படியே. ஏ, டி, இ, கே வைட்டமின்களை நிறுத்தாதீர்கள். என்ன அறுவை, எப்போது, காய்ச்சலுக்கு எந்த மருந்து என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி, பக்கத்து மருத்துவரிடம் ஒரு நகல் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.